அறுபது நாள் பேத்தை

பாதிக்கப்பட்டவர்: ஆண், ஐம்பதுகளில். தொழில்: மீன்பிடி. உண்ட பொருள்: பேத்தை மீனின் ஈரல்.

எங்கள் சுகாதார அலுவலகம் பத்திரிகைகளுக்குக் கொடுக்கும் தாளில் இவ்வளவுதான் இருக்கும். பெயர் இருக்காது. ஒவ்வொரு குளிர்காலத்திலும் இப்படி ஒன்றிரண்டு தாள் வெளியே போகும். படிப்பவர்கள், இன்னுமா இதைத் தின்று சாகிறார்கள் என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டுவார்கள். நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். போன டிசம்பரில் வெளியே போன தாளில் இருந்த ஆண் என் அப்பா.

அப்பா பெயர் தெட்சுஜி. இசோமி துறைமுகத்தில் பதினைந்து வயதில் படகு ஏறியவர். பேத்தையை அறுப்பதில் அவரை மிஞ்ச அந்தக் கரையில் ஆள் கிடையாது. தோலை உரித்து, குடலும் ஈரலும் சினையும் ஒரு பக்கம், சதை ஒரு பக்கம் என்று பிரித்துப் போட அவருக்கு மூன்று நிமிடம் போதும். ஆனால் விஷ மீனான பேத்தையை அறுக்கத் தேவையான அரசு உரிமம் அவரிடம் இல்லை. உரிமத் தேர்வில் அறுத்துக் காட்டும் பகுதியில் இரண்டு முறையும் முழு மதிப்பெண் வாங்கினார். எழுத்துத் தேர்வில் இரண்டு முறையும் தோற்றார். உறுப்புகளின் பெயர்களை அச்செழுத்தில் படிக்க அவருக்கு வராது. நான் சொல்லித் தருகிறேன் என்றேன். "நீ படிச்சது போதும்" என்று சொல்லிவிட்டார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அம்மாவுக்கு அந்தக் கரையின் வாழ்க்கை பிடிக்கவில்லை. நான் பள்ளியில் இருந்தபோதே போய்விட்டார். நகரத்தில் வேறொருவரோடு இருக்கிறார். அப்பாவின் படகும் என் உதவித்தொகையும் சேர்ந்து என்னைப் பட்டதாரி ஆக்கின. நாற்பது நிமிடக் கார் பயணத்தில் இருக்கும் மாவட்ட அலுவலகத்தில் உணவுப் பாதுகாப்பு ஆய்வாளராகச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. வீட்டில் தானே பிடித்துத் தானே தின்பவனைத் தடுக்க எங்களிடம் துண்டுத்தாளும் விரிவுரையும்தான் உண்டு.

அக்டோபர் முதல் வாரம் இசோமி மீனவர் சங்கக் கட்டடத்தில் அந்த விரிவுரையைக் கொடுத்தேன். முப்பது பேர் வந்தார்கள். எல்லாரும் என்னைத் தூக்கி வளர்த்தவர்கள். அப்பாவின் படகுக் கூட்டாளி மொரிவாக்கி மாமா, நான் தொடங்கும் முன்பே கையைத் தூக்கினார்.

"ஆபீசரம்மா, நாங்க தின்னுட்டுச் செத்தா உனக்கு லீவு கெடைக்குமா?"

"கெடைக்காது மாமா. ஞாயித்துக்கெழமைகூட வந்து உங்க வாந்திய அள்ளி டப்பால போடணும்."

"அப்போ உனக்காகவாவது சாகாம இருக்கணும்டா டேய்."

சிரித்தார்கள். ஈரலைத் தொடவே கூடாது, எத்தனை தண்ணீரில் அலசினாலும் வேகவைத்தாலும் விஷம் போகாது என்று சொன்னேன். படம் காட்டினேன். முன்வரிசையில் ரப்பர் காலணியோடு உட்கார்ந்திருந்த அப்பா எழுந்தார்.

"இந்த விஷத்த மீனே செய்யுதா?"

"இல்ல. அது திங்கிற நத்தை, நட்சத்திர மீன் வழியா உள்ள வந்து சேருது."

"அப்போ அதெல்லாம் திங்காத மீனுக்கு?"

நல்ல கேள்வி. அன்று அந்தக் கூடத்தில் கேட்கப்பட்ட ஒரே நல்ல கேள்வி. ஆனால் பின்னால் என் அலுவலகத்து மூத்தவர் ஹமசாக்கா சார் நின்றுகொண்டிருந்தார். அப்பாவின் காலணியிலிருந்து தரையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எனக்குக் கூச்சமாக இருந்தது.

"அது வேற கதைப்பா. நேரமாச்சு, உக்காரு."

உட்கார்ந்தார்.

நவம்பரில் வீட்டுக்குப் போனபோது படகுத்துறைக்குக் கீழே வலைக்கூண்டில் இரண்டு புலிப்பேத்தைகள் நீந்திக்கொண்டிருந்தன. உருண்டையாக, ஒவ்வொன்றும் இரண்டு கிலோ இருக்கும். பல்லை வெட்டியிருந்தார்.

"பல்ல எதுக்குப்பா வெட்டின?"

"இல்லாட்டி ஒண்ண ஒண்ணு கடிச்சு வாலத் தின்னுடும். அந்தப் பெருசு பேரு மேனேஜரு. சின்னது இன்னும் வேலைக்குச் சேரல."

"என்ன போடற?"

"மத்தி. நானே நறுக்கிப் போடறேன். வேற ஒண்ணும் கெடையாது."

வேறு ஒன்றும் கிடையாது என்பதை அவர் இரண்டு முறை சொன்னார். தனியாக இருக்கும் மனிதர், மீனை வளர்த்துப் பொழுதைப் போக்குகிறார் என்று நினைத்துக்கொண்டேன். இதே வேலையை வேறு எந்த மீனவன் செய்திருந்தாலும், எதற்கு என்று உட்காரவைத்துக் கேட்டிருப்பேன்.

டிசம்பர் மூன்றாம் ஞாயிறு இசோமியில் படகு கழுவும் நாள். புத்தாண்டுக்கு முன் அடிப்பாசியைச் சுரண்டி, கயிறு மாற்றி, கரையிலேயே அடுப்பு மூட்டிச் சாப்பிடுவார்கள். அன்று அப்பா, மொரிவாக்கி மாமா, அவர் மனைவி குனிக்கோ அத்தை, மூன்று பேர்தான் இருந்தார்கள். அங்கே நடந்ததை மூன்று பேரிடமும் தனித்தனியாகக் கேட்டு, பொருந்தாத இடங்களைத் திரும்பவும் கேட்டு எழுதுகிறேன்.

அப்பா மேனேஜரைக் கூண்டிலிருந்து எடுத்து அறுத்தார். வழக்கமாக ஈரலைப் பூட்டுப் போட்ட டப்பாவுக்குள் போடுபவர், அன்று பலகையில் வைத்து நாணயம் மாதிரி வட்ட வட்டமாக நறுக்கினார்.

"டேய், அது ஈரல்டா" என்றார் மாமா.

"அறுவது நாளு. மத்தி தவிர ஒரு பூச்சி உள்ள போகல. எம்பொண்ணு மைக்க வச்சுச் சொன்னாளே, நீயும் கேட்டேல்ல?"

"கேட்டேன். அவ ஈரல் திங்கச் சொல்லலயே."

"சொல்லாட்டி என்ன? கணக்குப் போட்டா வருதுல்ல."

"கணக்குல நீ எப்பவும் பெயிலுதானே" என்றார் அத்தை.

"எழுத்துலதான் பெயிலு. கணக்குல இல்ல."

இசோமியில் ஒரு வழக்கம் உண்டு. பேத்தையை அறுத்தவன்தான் முதலில் தின்ன வேண்டும். மற்றவர்கள் ஒரு சிகரெட் எரிந்து முடியும்வரை அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவன் சரியாக இருந்தால் தட்டு சுற்றி வரும். இந்த விஷம் வேலையைக் காட்ட இருபது நிமிடமும் ஆகலாம், மூன்று மணி நேரமும் ஆகலாம். ஒரு சிகரெட் ஆறு நிமிடம். இத்தனை வருடத்தில் இது யாருக்கும் உறுத்தவில்லை. ஏனென்றால் அப்பாவின் தலைமுறையில் அவர்கள் தின்றது சதையை மட்டும்தான். சதைக்கு அந்தச் சோதனையே தேவையில்லை.

புளிப்பு நாரத்தை பிழிந்த சோயாவில் தொட்டு அப்பா நாலு துண்டு தின்றார். மாமா சிகரெட்டைப் பற்றவைத்தார்.

"எப்படி இருக்கு?"

"வெண்ணெ."

"உதடு?"

"ஒண்ணுமே இல்ல. அதான் போயிடுச்சுன்னு சொல்றேன்ல."

சிகரெட் முடிந்தது. மாமா ஒரு துண்டு எடுத்தார். இரண்டாவதுக்குப் போன கையை அத்தை கரண்டியால் அடித்தார். "வீட்ல ஒரு பொம்பள இருக்கான்னு நெனச்சுத் தின்னு." அத்தை ஈரலைத் தொடவே இல்லை. அப்போது மணி பன்னிரண்டரை.

பன்னிரண்டு ஐம்பத்தைந்துக்கு அப்பாவுக்கு உதடு மரத்தது. சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். பிறகு கையிலிருந்த சாப்பாட்டுக் குச்சிகள் விழுந்தன. குனிந்து எடுத்தார், மறுபடி விழுந்தன. ஒன்று பத்துக்கு எழுந்து நிற்கப் பார்த்தவர் அடுப்புக்கு அருகில் உட்கார்ந்துவிட்டார். மாமா செல்போனை எடுத்தார். அப்பா அவர் மணிக்கட்டைப் பிடித்தார். பிடியில் பலமே இல்லை என்று மாமா இப்போதும் சொல்கிறார்.

"ஆம்புலன்ஸ் வேணாம். டாக்டர் எழுதுவான். எழுதினா எம்பொண்ணு சிஹோ ஆபீசுக்குப் போகும். அவ சொல்லித்தான் தின்னேன்னு ஆயிடும். அவ வேல போயிடும்டா."

நாக்கு அப்போதே குழறிக்கொண்டிருந்தது. கடைசியாகப் புரிந்த சொல்: "குழி."

பேத்தை விஷம் ஏறியவனைக் கழுத்துவரை மணலில் புதைத்தால் மண் விஷத்தை இழுத்துக்கொள்ளும் என்பது அங்கே பழைய நம்பிக்கை. மாமாவின் அப்பா அப்படித்தான் பிழைத்தாராம். மணல் இல்லாவிட்டாலும் பிழைத்திருப்பார். குழியிலேயே செத்தவர்கள் வந்து கதை சொல்வதில்லை. மூச்சை இழுக்கும் தசைகள் ஒவ்வொன்றாக நின்றுகொண்டிருக்கும்போது மார்பைச் சுற்றி ஈர மணலைக் கொட்டி மிதிப்பதைவிட மோசமான ஒரு வைத்தியத்தை என்னால் யோசிக்க முடியவில்லை.

மாமாவும் அத்தையும் மண்வெட்டியால் தோண்டினார்கள். மாமாவுக்கும் உதடு மரக்கத் தொடங்கியிருந்தது. ஒன்றரைக்கு அப்பா கழுத்துவரை மணலுக்குள் இருந்தார். கண் திறந்திருந்தது. இமைக்கவில்லை.

ஒன்று ஐம்பத்திரண்டுக்கு என் செல்போன் அடித்தது. அன்று ஞாயிறு முறைவேலை எனக்கு. அலுவலகத்தில் தனியாக இருந்தேன்.

"சிஹோ, உங்கப்பாவுக்குக் கொஞ்சம் சளி மாதிரி இருக்கு. கெளம்பி வர்றியா?" குனிக்கோ அத்தையின் குரல்.

"என்ன சாப்பிட்டாரு?"

"நீ வாயேன், பேசிக்கலாம். கண்ணு, ஆபீஸ் வண்டியில வராத. உன் வண்டியில வா."

வைத்துவிட்டார்.

ஆபீஸ் வண்டியில் வராதே என்ற அந்த ஒரு வாக்கியத்தில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கூண்டு, வெட்டிய பல், மத்தி, கூடத்தில் அப்பா எழுந்து கேட்ட கேள்வி, நான் உட்காரச் சொன்னது, எல்லாம் ஒன்றாக வந்து நின்றன. மேசையில் கைக்கெட்டும் தூரத்தில் அலுவலகத் தொலைபேசி இருந்தது. மூன்று எண் அழுத்தினால் போதும்.

எதிர்ச் சுவரில் என் விரிவுரைச் சுவரொட்டி, என் பெயரோடு. நான் காரின் சாவியை எடுத்தேன். நானே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று யோசித்தேன். சும்மா உதட்டு மரப்பாகத்தான் இருக்கும், கொஞ்சமாகத்தான் தின்றிருப்பார், பாதிக்கு மேல் ஆட்கள் பிழைத்துவிடுகிறார்கள், அறுபது நாளில் விஷம் குறைந்தும் இருக்கலாம். என் பட்டப்படிப்பு முழுவதும் சேர்ந்து எனக்கு வசதியான எண்களைத் தேடிக் கொடுத்தது. வாசல் கதவுவரை போனேன். கண்ணாடிக் கதவில் கை வைத்தபோதுதான், அத்தை பேசியபோது பின்னால் மாமா அழுதுகொண்டிருந்தார் என்பது உறைத்தது. மொரிவாக்கி மாமா அழுது நான் கேட்டதே இல்லை. திரும்பி ஓடினேன்.

ஒன்று ஐம்பத்தாறு. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு அந்த ரிசீவரை ஒரு காதில் வைத்துக்கொண்டே செல்போனில் அத்தையைக் கூப்பிட்டேன்.

"குழியில வச்சிருக்கீங்களா?"

அந்தப் பக்கம் மாமாவின் அழுகை மட்டும் கேட்டது.

"அத்தை, வெளிய எடுங்க! மூச்சு விட முடியாது அவரால. இப்பவே!"

"உங்கப்பாதான்டி..."

"எங்கப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது. தோண்டுங்க!"

மண்வெட்டிச் சத்தம் கேட்டது. மாமாவின் கையும் தடுமாறத் தொடங்கியிருந்தது, அத்தைதான் அதிகம் தோண்டினார். ஆளை வெளியே இழுத்துப் போட்டபோது உதடு நீலமாக இருந்தது, மார்பு எழவில்லை. நான் சொல்லச் சொல்ல அத்தை செய்தார்.

"மூக்கப் பொத்துங்க. வாயோட வாய வச்சு ஊதுங்க. மார்பு மேல வருதா?"

"வருது."

"விடுங்க. அஞ்சு எண்ணுங்க. திரும்ப ஊதுங்க."

"ஐயோ, வாயெல்லாம் மணலும் சாராயமும். முப்பத்தஞ்சு வருஷமா எம்புருஷனுக்கே இவ்ளோ குடுத்ததில்ல."

"ஊதுங்க அத்தை!"

"ஊதறேன்டி. கத்தாத. உங்கப்பன் கேட்டுக்கிட்டிருப்பான்."

அவர் சும்மா சொன்னது அது. ஆனால் உண்மை. இந்த விஷம் மூளையைத் தொடாது. ஆள் கல் மாதிரிக் கிடப்பான், எல்லாம் கேட்கும்.

பத்தொன்பது நிமிடம் அறுபத்திரண்டு வயதுப் பெண் ஒருவர் ஈரக் கரையில் மண்டியிட்டு என் அப்பாவுக்கு மூச்சு ஊதினார். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து குழாய் போட்டார்கள். மருத்துவமனையில் இரண்டு நாள் இயந்திரம் மூச்சு விட்டது. மாற்று மருந்து கிடையாது. உடம்பு விஷத்தை வெளியே தள்ளும்வரை மூச்சு ஓடினால் பிழைக்கலாம். மாமாவை ஒரு இரவு வைத்திருந்து அனுப்பினார்கள். மூன்றாம் நாள் அப்பாவின் கட்டைவிரல் அசைந்தது. நாலாம் நாள் பேசினார்.

"குனிக்கோ எங்க?"

"வீட்டுல. உனக்கு மூச்சு குடுத்ததுக்கு ஊரே கிண்டல் பண்ணுதாம்."

"கேட்டுச்சு. எல்லாம் கேட்டுச்சு." தொண்டை கரகரத்தது. "மணல்ல எறக்கினதுமே மனசு மாறிடுச்சு. ஆம்புலன்ஸக் கூப்பிடுங்கடான்னு சொல்லப் பாக்கறேன். வாய் வரல. மொரிவாக்கி என் மூஞ்சிக்கு நேரா உக்காந்து அழறான். 'தெட்சுஜி வேணாம்னான், தெட்சுஜி வேணாம்னான்'னு அதையே சொல்றான். நான் வேணும்னு கத்தறேன். அவனுக்குக் கேக்கல."

நான் தண்ணீரை அவர் உதட்டில் தொட்டுவைத்தேன். விழுங்க இன்னும் விடவில்லை.

"ஈரல்ல எவ்ளோ இருந்துச்சாம்?" என்றார்.

"மிச்சம் கெடந்த துண்டுலயே ஒரு ஆளக் கொல்ற அளவு இருந்துச்சு."

"அப்போ கொறையவே இல்லயா?"

"மொதல்ல எவ்ளோ இருந்துச்சுன்னு தெரியாம, கொறைஞ்சுதா இல்லயான்னு எப்படிச் சொல்றது?"

யோசித்தார். கண்கள் நகர்ந்தன. "ஆமா. மொத நாளே ஒண்ண அறுத்து அளந்து பாத்திருக்கணும். அப்புறம் மத்தது. ஒரே நாளு புடிச்ச மீனு நெறைய வேணும்."

இதை எனக்குக் கல்லூரியில் இரண்டாம் வருடம் சொல்லிக்கொடுத்தார்கள், அரைப் பருவம் எடுத்துக்கொண்டு. இந்த மனிதரை இரண்டு முறை எழுத்துத் தேர்வில் தோற்றவர் என்று திருப்பி அனுப்பினார்கள். கேள்வி கேட்டபோது நான் உட்காரச் சொன்னேன். அந்த அறையில் எதையாவது எடுத்து உடைக்க வேண்டும் போலிருந்தது. உடைக்கும்படி அங்கே எதுவும் இல்லை, எல்லாம் பிளாஸ்டிக்.

"கூண்டுல சின்னது ஒண்ணு இருக்கு" என்றார்.

"இல்ல. நேத்தே எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பியாச்சு."

நாலு நாளில் முதல்முறையாக அவர் முகத்தில் வருத்தம் தெரிந்தது. "அதுக்கு இன்னும் பேருகூட வைக்கல."

பிற்பகல் ஹமசாக்கா வந்தார். அறிக்கை எழுதும் வேலையை என்னிடமிருந்து வாங்கி அவரிடம் கொடுத்திருந்தார்கள். அது சரிதான். அப்பாவிடம் மெதுவாக, மரியாதையாகக் கேட்டார். அப்பா எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொண்டார். விரிவுரையைப் பற்றி வாயே திறக்கவில்லை. நான் திறந்தேன்.

"அவர் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லல. பாதி சொல்லி நிறுத்திட்டேன். மிச்சத்த அவரா போட்டுக்கிட்டாரு. அத எழுதிக்குங்க."

"சிஹோ, சும்மா இரு" என்றார் அப்பா. ஹமசாக்காவிடம், "சார், எம்பொண்ணு மட்டும் ஒடனே போன் பண்ணலன்னா நான் இப்போ சாம்பல். ஒடனேன்னு எழுதுங்க சார்" என்றார்.

ஹமசாக்கா தாளைப் பார்த்தார். "குனிக்கோம்மா செல்போன்ல ஒண்ணு அம்பத்திரண்டுன்னு இருக்கு. ஆம்புலன்ஸ் பதிவுல அம்பத்தாறு." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பதட்டத்துல நம்பர் தேடியிருப்ப. நாலு நிமிஷம்தானே. யாரும் கேக்கப் போறதில்ல, சிஹோ."

"நம்பர் தேடல. மூணு எண்ணு. அத யாரு தேடுவா?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"வேலை போயிடுமேன்னு யோசிச்சேன். யாருக்கும் தெரியாம நானே போய் முடிச்சிடலாமான்னு பாத்தேன்." அப்பாவின் பக்கம் திரும்பிச் சொன்னேன். "ஒடனே இல்லப்பா."

அவரால் தலையைத் திருப்ப முடியவில்லை. கண்ணை மட்டும் திருப்பினார்.

"நானும் அதத்தானே யோசிச்சேன்" என்றார்.

"நீ மணல்ல எறங்கினதும் மாத்திக்கிட்ட. நான் அப்போ சாவிய எடுத்துக்கிட்டிருந்தேன்."

அவர் சரியென்றும் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. "அந்தக் கடைசி நிமிஷங்கள்ல எங்கண்ணுல மணல் விழுந்துச்சு" என்றார். "இமைக்க முடியல. அப்பத்தான் நேரம் போகவே இல்ல."

ஹமசாக்கா பேனாவை எடுத்தார். ஒன்று ஐம்பத்திரண்டு முதல் ஒன்று ஐம்பத்தாறு வரை என்று எழுதி, நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் சொல்லச் சொல்ல எழுதினார்.